காமிரா வாங்குமுன்

விடுதியில் உதவித்தொகை வந்து சேரும் வாரத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதே அது. கேட்கும் நண்பர் பெரும்பாலும் இரண்டு மூன்று காமிராக்களின் விலையை மனப்பாடமாக வைத்திருப்பார். மாதத் தவணை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டு முடித்திருப்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?" இதற்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. "பொதுவாக, எல்லாவற்றையும்தான்" என்பார்கள்.

எல்லாவற்றையும் எடுக்கும் காமிரா உலகில் இல்லை. நாட்டிய மேடைக்கு ஏற்றது பறவைக்கு உதவாது. பறவைக்கு ஏற்றதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியாது. இன்ன படம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்தால் கருவி எது என்பது பாதி தெளிந்துவிடும். அதை விடுத்துக் கருவியை முதலில் வாங்கினால் அது பெட்டிக்குள் உறங்கும். தவணை மட்டும் மாதந்தோறும் விழித்துக்கொண்டிருக்கும். ஐம்பதாயிரம் ரூபாய் என்பது நம்மில் பலருக்கு ஏறக்குறைய ஓராண்டு உணவுச் செலவு. ஊரிலிருந்து அதை அனுப்புகிறவர் எப்படிச் சேர்த்தார் என்பதும் நாம் அறியாததன்று. ஆகவேதான் இக்கட்டுரையை எழுத முனைந்தேன். நான் கலைஞன் அல்லன். இயற்பியல் முதுகலை மாணவன். தென்காசிச் சீமையிலிருந்து பெங்களூருக்கு வந்தவன். இரண்டாண்டுகளாக நம் மன்ற விழாக்களில் படம் எடுத்து வருகிறவன். என் தகுதி அவ்வளவே.

‘புகைப்படம்’ என்று நம் வீடுகளில் வழங்கும் சொல்லில் புகை எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் ஆராயட்டும். 1839-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி வழக்கிற்குக் கொண்டுவந்த சொல்லுக்கு ‘ஒளியால் எழுதுதல்’ என்பது பொருள். எனவே ஒளிப்படம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெயரில் ஒரு பாடமும் அடங்கியிருக்கிறது. மை தீர்ந்த பேனாவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினால் என்ன? ஒளி இல்லாத இடத்தில் காமிராவும் அப்படித்தான்.

இதைச் சற்றுக் கணக்காகவே பார்ப்போம். ஒளி ஃபோட்டான்களாக, மழைத்துளிபோல் ஒழுங்கின்றி வந்து விழுகிறது. படத்தின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால், அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ நேரும். அதாவது நூற்றுக்குப் பத்துத் தடுமாற்றம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் தடுமாற்றம் 100; நூற்றுக்கு ஒன்றுதான். மங்கிய அறையில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாகத் தெரிகிறதே, அதற்குத் தலையாய காரணம் இத்தடுமாற்றமே. காமிராவின் மூளை எவ்வளவு கூர்மையானதாயினும், வந்து சேராத ஒளியை அது உண்டாக்க முடியாது. ஊகித்துத்தான் நிரப்பும். நம் கைப்பேசிகள் இரவில் எடுக்கும் ‘தெளிவான’ படங்களில் பாதி ஊகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளியை அளந்து உள்ளே விடுவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று லென்ஸின் துளை. மற்றொன்று ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்னும் மூன்றாவது எண்ணைக் கூட்டினால் ஒளி கூடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது வானொலியின் ஒலியைக் கூட்டுவது போன்றது. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்தே உயரும். துளையின் எண்ணில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எண் சிறியதானால் துளை பெரியது. ஏனெனில் அவ்வெண், லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெற்றது. 50 மி.மீ. லென்ஸில் எண் 2 என்றால் விட்டம் 25 மி.மீ.; எண் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு, ஒளியும் கால்பங்கு. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் கடைக்காரர் எவரும் உங்களை எளிதில் மயக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

வெயிலில் எடுப்பவர்களுக்குப் பிலிம் காலத்து வாய்பாடு ஒன்று உண்டு. திறந்த வெயிலில் துளையை 16-இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 ஆனால் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் படம் சரியாக விழும். காமிராவின் தானியங்கி ஏற்பாட்டை ஒரு நாள் நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். வானத்தைப் பார்த்தே ஒளியை அளக்கும் பழக்கம் அப்போதுதான் வரத் தொடங்கும்.

பெங்களூரில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றி இங்கே கூற வேண்டும். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் அந்நாட்டைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, பெங்களூரில் தம் வேலைக்கூடத்தை அமைத்து, பர்மாப் படங்களின் பிரதிகளை அச்சிட்டார். பிறகு 1857 இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களை 1858-இல் படமாக்கி முடித்தார். புது மண்டபத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அன்றிருந்த நிலையில் இன்று நாம் காண முடிகிறதென்றால் அது அவரால்தான்.

அவரிடம் இருந்த கருவியை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குல அளவுள்ள மறிநிலைப் படம் விழும் பெரும் பெட்டி; அதைத் தாங்க முக்காலி. மெழுகு தோய்த்த காகிதமே அவருக்குப் பெரும்பாலும் பிலிமாகப் பயன்பட்டது. கண்ணாடித் தகட்டு முறையில் படம் எடுத்த அந்த இடத்திலேயே இருட்டுக் கூடாரம் அடித்துக் கழுவியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். வெப்பமும் தூசியும் மாட்டுவண்டிப் பயணமும் நிறைந்த நம் நாட்டிற்கு அதுவே ஏற்றது. ஆனால் அது ஒளியை உணர்வதில் மிக மந்தமானது. நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். ஆகவே அசையாதவற்றையே அவர் தேர்ந்தெடுத்தார்: கல்லையும் மண்டபத்தையும் கோபுரத்தையும். எதை எடுப்பது, எதைக் கொண்டு எடுப்பது என்ற இரண்டும் அவரிடத்தில் ஒன்றோடொன்று பொருந்தின.

அவருடைய வேலைகளில் என்னை வியக்க வைப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் படம். இராசராசன் எழுப்பிய விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். பொருத்த வேண்டுமானால் ஒவ்வொரு படத்திலும் காமிராவின் தூரமும் உயரமும் மாறாதிருக்க வேண்டும். ஒளியும் பெரிதும் மாறக்கூடாது. இன்று கைப்பேசியைச் சுழற்றினால் நொடியில் அகலப் படம் கிடைக்கிறது. ஆயினும் சுவர் முழுவதையும் எழுத்துத் தெரியும்படி நேராக எடுக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? டிரைப்பின் பணி நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யான் அதை வீண் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். ஆனால் படங்கள் நிலைத்தன.

ஊர்க் கோயிலில் கல்வெட்டு உள்ளவர்கள் விடுமுறையில் ஒன்று செய்யலாம். வெயில் சுவர்மேல் நேராக விழும்போது அந்த எழுத்தைப் படம் எடுக்காதீர்கள். நேராக விழும் ஒளியில் பள்ளம் தெரியாது. வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக உரசும் நேரத்தில் எடுங்கள். வெயில் படாத இடமானால், இருட்டிய பின் கைவிளக்கைப் பக்கவாட்டில் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி எடுங்கள். ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலைத் தானே வரைந்து காட்டும். இதற்குக் கைப்பேசியே போதும்.

நகரத்திலேயே பழக ஓர் இடம் சொல்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டு அளவில் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் திறக்கப்பட்டது என்பது இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. ஒளிப்பட மாணவனுக்கு வள்ளுவர் ஓர் அரிய துணை. அசையமாட்டார், களைத்துப் போகமாட்டார், ‘இன்னும் எத்தனை படம்?’ என்று கேட்கமாட்டார். காலை ஏழு மணிக்கு ஒரு படம், நண்பகலில் ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று என ஒரே இடத்தில் நின்று எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று முகமாக இருக்கும். பெங்களூர் பதின்மூன்று பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் புருவத்தின் நிழல் கண்ணை மூடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். உயிருள்ள முகத்துக்கும் இதே கதிதான். நம் மன்றச் சுற்றுலாவில் எடுத்த கூட்டப் படங்களில் எல்லோருக்கும் கண் இருந்த இடத்தில் குழி இருப்பதற்கு மதிய உணவுக்குப் பின் வெயிலில் வரிசையாக நிறுத்தியதே காரணம். பத்தடி தள்ளி மரநிழலின் ஓரத்தில் நிறுத்தியிருந்தால் போதும். ஆடி ஆவணியில் இந்நகரத்து வானம் மூட்டமாக இருக்கிறதே என்று சலிப்பவர்கள் உண்டு. முகம் எடுப்பவனுக்கு அந்த மேகம் வானளாவிய வெள்ளைத் திரை.

இனி நிறத்தைப் பற்றி. இது நம்மை நேரே தொடும் செய்தியாதலால் விரிவாகவே சொல்கிறேன்.

காமிராவின் ஒளிமானி தன் முன் உள்ள காட்சி முழுதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. வெள்ளைச் சுவரின் முன் வேட்டி சட்டையில் பத்துப் பேர் நின்றால் அது ‘வெளிச்சம் மிகுதி’ என்று கருதிக் குறைத்துவிடும். முகங்கள் கருகிப் போகும். கறுப்புத் திரையின் முன் ஒருவர் ஆடினால் ‘இருட்டு’ என்று கருதிக் கூட்டிவிடும், முகம் சுண்ணாம்பாகும். இரண்டும் காமிராவின் குற்றமல்ல. அதற்கு நாம் சொல்லவில்லை. காமிராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் ஒன்று இருக்கும். முதல் நிலையில் ஒரு படி கூட்டுங்கள். இரண்டாவதில் ஒரு படி கழியுங்கள். கைப்பேசியில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சிறு சூரியனை மேலும் கீழும் நகர்த்தினால் அதே பயன்.

கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வருவது நமக்கு அன்றாடக் காட்சி. உச்சி வெயிலில் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவது எந்தக் காமிராவுக்கும் கடினம், நிழலில் எளிது. மேலைநாட்டுக் கைந்நூல்கள் பலவற்றில் இதைப் பற்றி அதிகம் காணோம். அவர்கள் முகங்களை மனத்தில் கொண்டு எழுதியவை அவை. வண்ணப் படம் வந்த காலத்தில் கோடாக் நிறுவனம் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்கக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவள் வெள்ளைத் தோலுடைய பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. பல நிறத்தாரும் சேர்ந்த அட்டைகள் 1990-களில்தான் வந்தன. அட்டையின் காலம் போயிற்று. ஆனால் இன்று பல கைப்பேசிகளில், குறிப்பாக முகம் எடுக்கும் முன்புறக் காமிராவில், ‘அழகூட்டும்’ ஏற்பாடு நாம் கேளாமலே இயங்குகிறது. அது தோலை வெளுக்கிறது, சுருக்கத்தை அழிக்கிறது. அமைப்புகளில் தேடி முதலில் அதை நிறுத்துங்கள்.

எங்கள் ஊரில் என் ஆச்சி பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். காலையில் கிழக்கு வாசற்படியில் அமர்வாள்; வெயில் ஏறியதும் உள்ளே ஓரடி தள்ளிக்கொள்வாள்; பிற்பகலில் கொல்லைப்புற வாசலுக்குப் போய்விடுவாள். நூலைக் கண்ணால் பார்த்துக் கட்ட வேண்டுமே. ஒளியைப் பற்றி நான் நூலகத்தில் படித்ததை அவள் ஐம்பதாண்டாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். சென்ற பொங்கலுக்கு அவளை அந்த வாசற்படியில் வைத்துக் கைப்பேசியில்தான் எடுத்தேன். வெயில் நேரே படாத, ஆனால் வானத்தின் ஒளி முழுதும் முகத்தில் விழுகிற இடம். பின்னால் வீட்டின் இருட்டு. "வெளிச்சத்த மறைக்காதய்யா" என்றாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படத்தில் அவள் விரல்நுனியில் புகையிலைக் கறை தெரிகிறது. நெற்றியின் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. உறவினர் ஒருவர் அதையே தம் கைப்பேசியில் ‘அழகு’ செய்து அனுப்பினார். கறையும் இல்லை, கோடும் இல்லை. எவரோ ஒரு மாது பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். டிரைப்கூடத் தம் மறிநிலைப் படங்களில் தூரிகையால் மேகம் தீட்டியதுண்டு. மேகம் தீட்டியதால் தஞ்சைக் கல்வெட்டின் எழுத்து அழிந்துவிடவில்லை. ஆச்சியின் முகத்தில் எழுத்தே அழிந்தது.

ஆகவே முதல் ஆறு மாதம் கையில் உள்ள கைப்பேசியோடு பழகுங்கள் என்பது என் கருத்து. பழகுவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். நம் தாத்தா காலத்தில் பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் மூன்று என்ற காமிராவில் ஒரு சுருளுக்குப் 12 படங்களே. ஆகவே கண்ணை வைக்குமுன் யோசித்தார்கள். நீங்களும் கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் செல்லுங்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பூ மூட்டைகள் அவிழும் நேரம். பன்னிரண்டு படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பூக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுங்கள். அங்கே பலருக்குத் தமிழ் தெரியும், தெரியாதவரிடம் நம் அரைகுறைக் கன்னடமே போதும். கேட்காமல் எடுத்த முகத்தில் எரிச்சல்தான் பதியும். அறைக்குத் திரும்பி, பன்னிரண்டில் எது ஏன் நன்றாக வந்தது, எது ஏன் வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அக்குறிப்பேடே நீங்கள் வாங்க வேண்டிய காமிராவின் பெயரைச் சொல்லிவிடும். ‘தூரம் போதவில்லை’ என்று பத்து முறை எழுதியிருந்தால் ஒரு வகை. ‘இருட்டில் அசைந்துவிட்டது’ என்று பத்து முறை எழுதியிருந்தால் வேறு வகை. ஒன்றும் எழுதவில்லையானால் பணம் மிச்சம்.

கருவி எப்படித் தேவையிலிருந்து பிறக்கிறது என்பதற்கு மா. கிருஷ்ணனைக் காட்டுவேன். 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு விலங்குகளைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் வாழ்ந்து 1996-இல் மறைந்தவர். இன்று கர்நாடகத்தைச் சேர்ந்த சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவரும்கூட. பெரிய யானைகளை அவற்றின் இருப்பிடத்திலேயே, கறுப்பு வெள்ளையில், தோலின் மடிப்புத் தெரிய எடுக்க வேண்டும் என்பது அவர் குறிக்கோள். கடையில் கிடைத்தவை அவருக்கு ஒத்துவரவில்லை. வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயரும் இட்டார். பார்க்க அழகாக இருந்திருக்காது. ஆனால் ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற தொகுப்பில் அவர் படங்களைக் காணலாம். நூலகத்தில் கிடைத்தால் ஒரு மாலைப் பொழுதை அதற்குக் கொடுங்கள். அத்தொகுப்பு வெளிவர உழைத்தவர்களுள் டி. என். ஏ. பெருமாள் ஒருவர். பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த, காட்டுயிர்ப் படத்தில் உலகப் பெயர் பெற்ற தமிழர் அவர்.

இனிக் கடைக்குப் போவோம்.

மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இம்மலரில் நான்கு அங்குல அகலத்தில் ஒரு படம் அச்சாக வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200 புள்ளி அகலம் போதும். உயரத்தையும் சேர்த்து இரண்டு மெகாபிக்சலுக்கும் குறைவு. 24 மெகாபிக்சல் படத்தை அதே நுட்பத்தில் 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். நம் விடுதிச் சுவரில் அதற்கு இடமில்லை. பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. நடுத்தர விலைக் கைப்பேசியில் அது ஏறத்தாழ 8 மி.மீ.க்கு 6 மி.மீ.; 48 சதுர மி.மீ. மாணவர்கள் வாங்கக்கூடிய ஏ.பி.எஸ்.-சி வகைக் காமிராவில் ஏறத்தாழ 23.5-க்கு 15.6, அதாவது 366 சதுர மி.மீ., ஏழரை மடங்கு. முழுச் சட்டம் எனப்படும் 36-க்கு 24 மி.மீ. சென்சாருக்கு 864. கைப்பேசியிலிருந்து ஏ.பி.எஸ்.-சிக்குப் போவது பெரிய தாவல். அதிலிருந்து முழுச் சட்டத்துக்குப் போவது விலையில்தான் பெரிய தாவல்.

காமிராவின் உடலைவிட லென்ஸே முக்கியம். காமிராவுடன் சேர்த்துக் கொடுக்கும் சாதாரண ஜூம் லென்ஸ் 55 மி.மீ. அளவில் 5.6 வரைதான் திறக்கும். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் 50 மி.மீ. லென்ஸ் 1.8 வரை திறக்கும். முன்னே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய பத்து. பத்து மடங்கு ஒளி! பொங்கல் விழா மேடையில் நாட்டியம் எடுக்க நொடியில் 250-இல் ஒரு பங்காவது வேண்டும்; பழைய லென்ஸில் 25-இல் ஒரு பங்கு கொடுத்துக் கைகளெல்லாம் விசிறியாகத் தெரிந்த படம், இதில் நின்றுவிடும். விலையுயர்ந்த உடலை வாங்கி லென்ஸுக்குப் பணமில்லாமல் நிற்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே வருகிறது.

புதியதுதான் வேண்டும் என்பதில்லை. நிறுவனங்கள் பெரும்பாலும் கண்ணாடியில்லாக் காமிராவின் பக்கம் திரும்பிவிட்டதால், கண்ணாடியுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் கைமாறிய விலையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆறேழு ஆண்டுக்கு முன் நல்லதாயிருந்த காமிரா இன்றும் நல்லதே. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து கைவிளக்கு அடித்து, உள்ளே சிலந்தி வலைபோல் இழை தெரிகிறதா என்று நோக்குங்கள். அது பூஞ்சை; பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். துளையை மிகச் சிறியதாக்கி வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசியும் கீறலும் இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணைக் கேளுங்கள். முன்பணம் மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள். என் அறைத்தோழர் ஒருவர் படத்தைப் பார்த்தே பணம் அனுப்பினார். பெட்டி வந்தது, அதற்குள் மின்னேற்றி மட்டும் இருந்தது.

உடன் வாங்க வேண்டியது ‘டிரைபாட்’ என்கிற முக்காலி. ஆட்டம் காணாத எளிய முக்காலி ஒன்று, இரவுப் படத்துக்கு ஆயிரம் ஐ.எஸ்.ஓ.வுக்குச் சமம். தோள்பை, வடிகட்டிக் கண்ணாடி, வளைய விளக்கு முதலியவற்றைக் கடைக்காரர் அன்போடு எடுத்து வைப்பார். அன்போடு திருப்பிக் கொடுத்துவிடலாம். இறுக மூடும் சமையலறை டப்பா ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலமும் போதும். மழைக்காலத்தில் லென்ஸ் அதற்குள் இருக்கட்டும்.

எடுத்த படங்களைக் காப்பது தனி வேலை. நம் மன்ற அலமாரியில் பழைய விழாப் படங்கள் ஓர் உறை நிறைய இருக்கின்றன. வேட்டியும் சேலையுமாக எத்தனையோ முகங்கள். ஒன்றின் பின்னாலும் பெயரில்லை, ஆண்டில்லை. இன்றைய படங்களின் நிலை இன்னும் மோசம்: கைப்பேசி தொலைந்தால் உறையும் இல்லை. ஆகவே மாதம் ஒரு முறை படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று உங்கள் அறையில் இருந்தால் மற்றது ஊரில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஊர், ஆளின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். மிக வேண்டிய பத்தினை ஆண்டுக்கொரு முறை அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் விவரம் குறியுங்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையருகே கூடலாம் என்று சில நண்பர்களோடு பேசியிருக்கிறேன். காமிரா கட்டாயமன்று, கைப்பேசி போதும். பன்னிரண்டு படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்பது மட்டும் ஏற்பாடு. மழை பெய்தாலும் வருவோம்.